தன் குஞ்சைத் தின்னும் மீனும் நம் நீர்நிலைகளும்

(பெரம்பூரில் நடைபெறும் மீனியல் கருத்தரங்கின் தலைமை உரை)



மீன்களில் தன்னினம் உண்ணல், வளர்ச்சி, வாழ்நாள் என்ற மூன்றையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு இந்தக் கருத்தரங்கை அமைத்திருக்கிறீர்கள்.  இம்மூன்றும் தனித்தனித் தலைப்புகளாகவே நம் பாடநூல்களில் இருக்கின்றன. நீருக்குள் அவை பிரிந்திருப்பதில்லை. ஒரு மீன் எதைத் தின்றது என்பது அதன் வளர்ச்சியை முடிவு செய்கிறது. எவ்வளவு வளர்ந்தது என்பது எத்தனை ஆண்டு வாழும் என்பதை முடிவு செய்கிறது. பெரிதாக, வயதாக வாழும் மீன்கள் எத்தனை இருக்கின்றன என்பது அந்த நீர்நிலையின் மற்ற எல்லா மீன்களின் கதியையும் முடிவு செய்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்தக் கடைசி வரியைத்தான். மற்றவை அதற்கான சான்றுகள்.

பெரம்பூர் என்றால் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லும்தான் நினைவுக்கு வரும். மீனைப் பற்றிப் பேச இது இடமா என்று கேட்பவர்களுக்கு வரைபடம் பதில் சொல்லும். கிழக்கே சில கிலோமீட்டரில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மேற்கே கொளத்தூர், வீட்டு மாடியிலும் கொல்லைப்புறத் தொட்டியிலும் வண்ணமீன் வளர்த்து நாடெங்கும் அனுப்பும் ஊர். வடக்கே மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை, அதற்கப்பால் புழல் ஏரி. இந்த ஊரை ஒட்டி ஓடும் ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அந்தக் கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்தையும் பழவேற்காட்டையும் தொட்டுச் செல்கிறது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், கண்ணாடித் தொட்டித் தண்ணீர் மூன்றுக்கும் நடுவில்தான் அமர்ந்திருக்கிறோம்.

ஆனாலும் என் பேச்சைப் பனி உறையும் ஏரிகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்கள் அங்கேதான் கற்கப்பட்டன. பழவேற்காடு போன்ற வெப்பமண்டலக் காயலில் எத்தனையோ இனங்கள் கலந்து வாழ்கின்றன. யார் யாரைத் தின்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வடதுருவத்தை ஒட்டிய ஏரிகளில் அந்தச் சிக்கல் கிடையாது. கனடாவின் வடகோடியில், 81 டிகிரி வட அகலக்கோட்டுக்கும் அப்பால், எல்ஸ்மியர் தீவிலுள்ள ஹேசன் ஏரியில் ஒரே ஒரு மீன் இனம்தான் உண்டு. அது ஆர்க்டிக் சார். நம் ஊரில் பலரும் பெயர் கேட்டிருக்கும் டிரவுட்டின் நெருங்கிய உறவு.

ஓர் ஏரியில் ஒரே இனம் இருந்தால், அங்கே வளர்ந்த மீனுக்குக் கிடைக்கும் ஒரே மீன் உணவு தன் இனமே. ஹேசன் ஏரியில் சார் மீன்கள் சிறிய உடல், பெரிய உடல் என இரு வடிவங்களில் கிடைக்கின்றன. உடலில் உள்ள நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளை அளந்து பார்த்தபோது, பெரியவை சிறியவற்றைத் தின்று வளர்ந்தவை என்பது உறுதியானது. கனடாவில் வலை படாத ஏரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த லயனல் ஜான்சனும், ஸ்வால்பார்டின் தென்கோடியில் உள்ள கரடித் தீவில் ஆய்வு செய்த யோஹான் ஹம்மாரும் இதே போன்ற அமைப்பைக் கண்டார்கள். மீன்களை நீள வாரியாக அடுக்கினால் இரண்டு குவியல்கள் தெரியும். நடுவில் மீன் அரிது. ஒரு பக்கம் கையகல மீன்களின் பெருங்கூட்டம். மறு பக்கம் விரல்விட்டு எண்ணத்தக்க ராட்சத மீன்கள்.

மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிறிய குவியலில் இருப்பவை எல்லாம் இளம் மீன்கள் என்று நினைத்தால் தவறு. அவற்றுள் பல, ராட்சத மீன்களுக்கு வயதில் நிகரானவை. நுண்மிதவை உயிர்களையும் பூச்சிப் புழுக்களையும் தின்று, முட்டையிடும் பருவத்தை எட்டியதும் வளர்ச்சி நின்றுபோனவை அவை. அவற்றில் ஏதோ சில, உணவு கூடுதலாகக் கிடைத்த ஒரு பருவத்தில், குஞ்சை விழுங்கக்கூடிய வாயளவை எட்டிவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டியதும் இரண்டாவது வளர்ச்சி தொடங்குகிறது. உடல் எடை சில ஆண்டுகளில் பல மடங்காகிறது. ஆகவே மீனின் பருமன் அதன் வயதைச் சொல்வதில்லை. அது தன் வாழ்வில் எந்த உணவுக்கு மாறியது என்பதைச் சொல்கிறது.

தன் குஞ்சையே தின்னும் இனம் எப்படி அழியாமல் நிற்கிறது? இதற்கு 1988-இல் வான் டென் போஸ், டி ரூஸ், காப்ரியேல் ஆகிய மூவரும் ஒரு கணித மாதிரியில் விடை தந்தார்கள். பெரிய மீனால் நுண்மிதவை உயிர்களைப் பிடித்துப் பிழைக்க முடியாது; பிடிக்கச் செலவாகும் ஆற்றலே அதிகம். குஞ்சுக்கு அது எளிது. நம் வடசென்னையில் தண்டல்காரர் கடை கடையாக நின்று பத்தும் ஐம்பதுமாக வசூலித்து மாலையில் முதலாளியிடம் மொத்தமாகக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சுகள் ஏரியெங்கும் அப்படித் துளித்துளியாக உணவைத் திரட்டுகின்றன. பெரிய மீன் அதை ஒரே வாயில் எடுத்துக்கொள்கிறது. உணவு வறண்ட காலத்தில் எல்லா மீனும் ஒன்றாகப் பட்டினியில் சாவதற்குப் பதிலாகச் சில பெரிய மீன்கள் பிழைக்கின்றன. நல்ல காலம் திரும்பியதும் அவையே முட்டையிட்டு இனத்தைப் பெருக்குகின்றன. அதனால்தான் அந்த மூவரும் இதை உயிர்காக்கும் படகு என்றார்கள்.

இதற்கு விலையும் உண்டு. ஹம்மாரின் ஆய்வில் அது தெளிவாகத் தெரிகிறது. நுண் ஓட்டுயிர்கள் வழியாகச் சிறிய மீனுக்குள் நாடாப்புழுவின் இளம் பருவம் நுழைகிறது. அந்த மீனைத் தின்னும் மீனுக்கு அது கைமாறுகிறது. தன்னினம் தின்னும் மீன் ஆண்டுதோறும் தின்னத் தின்னப் புழுக்கள் அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகின்றன. பெரிதாக வளரச் செய்த உணவே அதன் ஆயுளைக் குறைக்கவும் செய்கிறது. வளர்ச்சியும் வாழ்நாளும் எப்போதும் ஒரே திசையில் போகும் என்று எண்ண வேண்டாம்.

ராட்சத மீன் பிறவியிலேயே அப்படியா, சூழல் அப்படி ஆக்குகிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டுக்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஃபெராக்ஸ் என்று அழைக்கப்படும் பெரிய பழுப்பு டிரவுட், சார் மீன்களைத் தின்று வளர்கிறது, தாமதமாகப் பருவமெய்துகிறது, 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது. அயர்லாந்தின் மெல்வின் ஏரியில் ஆய்வு செய்த ஆண்ட்ரூ ஃபெர்குசன், அங்குள்ள ஃபெராக்ஸ் மரபணுவிலேயே தனி வகை என்று காட்டினார். ஐஸ்லாந்தின் திங்வட்லவட்ன் ஏரியில் ஒரே சார் இனம் நான்கு வடிவங்களாகப் பிரிந்து வாழ்கிறது. அவற்றில் ஒன்று மீன் தின்னி. பனிக்காலம் முடிந்து ஏரி உருவான சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த பிரிவு இது. உணவுப் பழக்கம் ஓர் இனத்தை எவ்வளவு விரைவில் பிளக்க வல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

வாழ்நாளைப் பற்றியும் ஒரு சொல். குளிர்ந்த நீரில் உடலின் வேதிவினைகள் மெதுவாக நடக்கின்றன, வளர்ச்சி மெதுவாகிறது, ஆயுள் நீள்கிறது. சார் குடும்பத்தைச் சேர்ந்த ஏரி டிரவுட் கனடாவின் வட ஏரிகளில் 50 ஆண்டு அளவுக்கு வாழ்கிறது. இதை எப்படி நம்புவது? 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் பெருகியது. அது மீன்களின் தலைக்குள் வளையம் வளையமாக வளரும் காதுக்கல்லிலும் படிந்தது. ஸ்டீவன் கம்பானாவும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் தடத்தைத் தேடிக் கண்டு, காதுக்கல் வளையங்களை எண்ணிச் சொன்ன வயது சரிதான் என்று 2008-இல் நிறுவினார்கள்.

இனி, என் வாதத்துக்கு ஆதாரமான ஆய்வுக்கு வருகிறேன். வட நார்வேயில் டாக்வட்ன் என்றோர் ஏரி. ஒரு காலத்தில் அங்கே டிரவுட் நிறைந்திருந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததில் அது குறைந்துபோனது. ஈடுகட்ட 1930-இல் ஆர்க்டிக் சார் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். காலப்போக்கில் சார் பெருகி, நெருக்கியடித்து, குட்டையாகி, வாங்குவாரற்ற மீனாயிற்று. டிரவுட் கிட்டத்தட்ட மறைந்தது. 1984 முதல் 1989 வரை கிளெமெட்சன், அமுண்ட்சன் முதலிய ஆய்வாளர்கள் அந்தக் குட்டை மீன்களைப் பொறிகள் வைத்துப் பிடித்து வெளியேற்றினார்கள். மொத்தம் 31 டன். பிறகு நடந்தது எதிர்பாராதது. எஞ்சிய சார் மீன்களுக்கு உணவு தாராளமானது, அவை வளர்ந்தன, குஞ்சுகள் பெருகின. விழுங்கத் தகுந்த அளவில் குஞ்சுகள் கிடைத்ததால் டிரவுட் மீண்டது. மீண்ட டிரவுட்டும், பெரிதாக வளர்ந்த சார் மீன்களும் குஞ்சுகளைத் தின்று நெரிசலைத் தடுத்துக்கொண்டே இருந்தன. மீன் அகற்றுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்தும் ஏரி பழைய குட்டை நிலைக்குத் திரும்பவில்லை. லெனார்ட் பெர்சன் குழுவினர் 2007-இல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். அதே பெர்சன் 2003-இல் சுவீடனின் சிறிய ஏரி ஒன்றில் பெர்ச் மீன்களிடம் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். அங்கே தன்னினம் தின்னும் சில ராட்சத மீன்கள் குஞ்சுகளைக் குறைத்தன. மிதவை விலங்குகள் பெருகின. அவை பாசியை மேய்ந்ததால் நீரில் பாசி குறைந்தது.

அர்த்தசாஸ்திரம் மச்ச நியாயத்தை அரசனற்ற நாட்டுக்கு உவமையாக்கியது. பெரியது சிறியதை விழுங்குவதே அராஜகம் என்பது அதன் கருத்து. நாட்டுக்கு அது பொருந்தலாம். டாக்வட்னில் பெரிய மீன்கள் இல்லாமல் போன பிறகுதான் சிறிய மீன்கள் எல்லாம் அரைப்பட்டினியில் கிடந்தன. ஓர் ஏரியில் பெரிய, மூத்த மீன்களை மட்டும் வாரி எடுத்தால் சிறியவை நிம்மதியாக வளரும் என்பது உண்மையாகாது. குட்டையாக நெருங்கிக் கிடக்கும் என்பதே உண்மை.

இது நம் ஊருக்கு எந்த அளவில் பொருந்தும்?

தமிழ்நாட்டில் டிரவுட் உண்டு. 'இந்திய மீன்கள்' எழுதிய பிரான்சிஸ் டே 1860-களில் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். சென்னை மாகாணத்தின் மீன்துறை பிரெடரிக் நிக்கல்சனின் பொறுப்பில் உருவான அதே 1907-ஐ ஒட்டி, எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் நிறுவினார். ரெயின்போ டிரவுட் அங்கே நிலைத்தது. ஆனால் அது குறுகிய ஆயுள் கொண்டது. பொதுவாக ஆறேழு ஆண்டுக்குள் முடிந்துவிடும். நீலகிரி ஓடைகளில் உணவும் குறைவு. ஹேசன் ஏரியின் நாடகத்தை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பொரிப்பகத் தொட்டியில் மட்டும் அது தெரியும்: தீவனம் தட்டினாலோ, குஞ்சுகளின் அளவு ஏறுக்குமாறாக இருந்தாலோ பெரியது சிறியதைக் கடிக்கும்.

நமக்கு உண்மையான இணை மலையில் இல்லை. இந்தத் தாழ்நிலத்தில் இருக்கிறது. குட்டை சார் மீனின் இடத்தில் ஜிலேபி. ராட்சத டிரவுட்டின் இடத்தில் கொடுவா.

மொசாம்பிக் திலாப்பியா என்னும் ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. மலிவான புரதம் தரும் என்ற நம்பிக்கையில் வந்த மீன். வாயில் முட்டை சுமந்து காக்கும் இனம். நெருக்கமான குளத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமெய்தி, ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவெல்லாம் இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். ரெட்டேரியிலும் கொரட்டூர் ஏரியிலும் தூண்டில் போடும் சிறுவர்களைக் கேளுங்கள். விரல் நீளத்தில், வயிறு நிறைய முட்டையுடன் ஜிலேபி சிக்கும் என்பார்கள். கழிவுநீரும் வெங்காயத்தாமரையும் சேர்ந்து மற்ற மீன்களை விரட்டிவிட்ட ஏரிகளில் ஜிலேபியின் நெரிசலைக் குறைக்க ஆளில்லை. விரால் ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தது. தன் குஞ்சுக் கூட்டத்தை ஆணும் பெண்ணுமாகக் காவல் காக்கும் விரால், பிற மீன்களின் குஞ்சுகளுக்கு எமன். விரால் குஞ்சுகளும் பசித்தால் ஒன்றையொன்று தின்னும்.

கொடுவாவின் கதை இன்னும் சுவையானது. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டிய மீன் இல்லை அது. முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் முட்டையிடும். குஞ்சுகள் காயலுக்கும் ஓடைகளுக்கும் ஏறும். நல்ல தண்ணீருக்குள்ளும் போகும். வளர்ந்ததும் கடல் நோக்கி இறங்கும். முதலில் ஆணாகவே பருவமெய்தும். பெரும்பாலும் மூன்று நான்கு வயதில். மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து உடல் பெருத்த பிறகு அதே மீன் பெண்ணாக மாறும். ஆகவே நம் கடற்கரையில் பெரிய கொடுவா என்றால் அது அநேகமாகத் தாய்மீன். பெரிய தாய் ஒன்று ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் பத்து லட்சங்களில் எண்ணப்படும்.

கொடுவா வளர்ப்பில் முதல் தடையே தன்னினம் உண்ணல்தான். 1987-இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. குஞ்சு பொரிப்பதில் வென்றவர்களுக்குக் குஞ்சைக் காப்பது அடுத்த போராட்டமானது. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதுமே பெரிய குஞ்சு, தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தம்பியையும் வால் வெளியே தொங்க விழுங்கப் பார்க்கும். பல நேரம் இரண்டும் சாகும். தீர்வு மூன்று: வயிறு நிறையத் தீவனம், நெரிசல் குறைப்பு, சில நாளுக்கொரு முறை அளவு பிரித்தல். கிரேடிங் என்று பொரிப்பகத்தில் சொல்வது இதைத்தான். களிநண்டு வளர்ப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஓடு கழற்றி மெத்தென்று கிடக்கும் நண்டைப் பக்கத்து நண்டு விடாது. கொளத்தூர் வளர்ப்பாளர்கள் கப்பி, மோலிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து உடனே பிரிப்பதும், ஃபைட்டர் ஆண்களைத் தனித்தனிப் பாட்டிலில் வைப்பதும் அனுபவத்தில் கற்ற அதே பாடம். நூறு மைலுக்கு அப்பாலிருந்து விருந்தினரை அழைத்து இதைப் பற்றிப் பேசவைக்கிறோம். பக்கத்திலேயே இருப்பவர்களை மேடையேற்றுவதில்லை. இந்தக் கருத்தரங்கில் அவர்களுக்கும் ஓர் அமர்வு இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

பண்ணையில் நாம் செய்வதும் கடலில் நாம் செய்வதும் முரண்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். பண்ணையில் பெரிய குஞ்சைப் பிரித்துக் காக்கிறோம். கடலில் பெரிய மீனைத் தேடிப் பிடிக்கிறோம். காசிமேட்டு ஏலத்தில் மீனுக்கு எடை உண்டு, விலை உண்டு, வயது கிடையாது. பெரிய கொடுவாவுக்குத் தனி மதிப்பு. 2018-இல் பார்னெசே குழுவினர் 342 கடல்மீன் இனங்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார்கள். உடல் எடை கூடும் வீதத்தைவிட முட்டை கூடும் வீதம் அதிகம் என்பது அதன் முடிவு. 30 கிலோ எடையுள்ள ஒரு காட் தாய்மீனுக்கு ஈடாக முட்டையிட 2 கிலோ மீன்கள் 28 தேவை. அவற்றின் மொத்த எடை 56 கிலோ. எடையைச் சமமாக்கினாலும் சிறிய மீன்கள் அந்தத் தாய்க்கு ஈடாகா.

நம் விதிகள் இதை எண்ணிப் பார்க்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அது காலத்தைக் காக்கிறது, வயதைக் காக்கவில்லை. கேரளம் பல இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பளவை வகுத்தது. அது குஞ்சைக் காக்கிறது. மூத்த மீனைக் காக்கும் விதி நம் கரையில் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே கொடுவாவை 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் பிடிக்கக் கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேலேயும் பிடிக்கக் கூடாது. அங்கே பெரிய கொடுவா பெண் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது இங்கே அமர்ந்திருக்கும் மீனவர்களின் மனத்தில் ஓடுவது எனக்குப் புரிகிறது. வலையில் மாட்டிய பெரிய கொடுவா பல நாள் பாட்டுக்கு ஈடு. அதை விடச் சொல்ல யாருக்கு உரிமை? செவுள் வலையில் மாட்டியது பெரும்பாலும் பிழைக்காது. செத்த மீனைக் கடலில் எறிவதில் யாருக்கும் பயனில்லை. இந்த எதிர்ப்பு நியாயமானது. ஆகவே சட்டம் போடுங்கள் என்று நான் முடித்துவிடப் போவதில்லை. உயிரோடு சிக்கும் தாய்மீனைப் பொரிப்பகங்கள் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்க முடியுமா? முகத்துவாரத்தில் முட்டையிடும் சில வாரங்களுக்கு மட்டும் பெருங்கண் வலையை விலக்க முடியுமா? பழவேற்காட்டில் எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலைபோடுவது என்று தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்ட பாடு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதிகாரிகள் எழுதும் விதியைவிட அந்த முறைக்குள் வரும் விதிக்கே ஆயுள் அதிகம்.

இன்னொரு தடையையும் மறைக்க முடியாது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் மூப்படைய நாம் விட்டுவைத்திருக்கிறோமா? சாம்பல் கலந்து தூர்ந்த கொசஸ்தலையாறு, அனல்மின் நிலையங்களின் வெந்நீர், 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய். வெப்பம் கூடினால் மீனின் உடல் கூடுதல் உணவு கேட்கும். வளர்ச்சி விரைவாகும், ஆனால் முன்னதாகவே நின்றுவிடும், ஆயுளும் குறையும். முகத்துவாரம் தூர்ந்தால் இறங்க வேண்டிய கொடுவா இறங்காது, ஏற வேண்டிய குஞ்சு ஏறாது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எண்ணிக்கையாக்கி அவையில் வைக்கும் கடமை நம்முடையது.

இந்த இரண்டு நாள் அமர்வுகளிலிருந்து நான் எதிர்பார்ப்பவை நான்கு.

முதலாவது, வயதுப் பதிவேடு. காதுக்கல்லில் மீனின் வயது இருக்கிறது என்பதை ரைபிஷ் 1899-லேயே காட்டினார். குளிர்காலம் இல்லாத நம் கடலில் ஆண்டு வளையங்கள் மங்கலானவை என்பதால் நாம் நீள அளவுகளை வைத்து வயதைக் கணித்தே பழகிவிட்டோம். ஆனால் பன்னெல்லா 1971-இல் நாள்தோறும் ஒரு வளையம் படிவதைக் கண்டறிந்தார். இளம் மீன்களுக்கு அது போதும். மூத்த மீன்களுக்கு மெல்லிய குறுக்குவெட்டு எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. கத்தாழை மீனின் தலையில் இரண்டு வெள்ளைக் கற்கள் இருப்பதை மீன் நறுக்கும் எந்தப் பெண்ணும் அறிவார். காசிமேட்டிலும் பெரம்பூர்ச் சந்தையிலும் மீன் வெட்டித் தரும் பெண்களிடம், கழித்துப் போடும் தலைகளிலிருந்து கல்லை எடுத்து, மீனின் பெயரும் நீளமும் எழுதிய உறையில் போட்டுத் தரச் சொல்லிக் கூலி கொடுங்கள். ஆராய்ச்சிக் கப்பல் தேவையில்லை. பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரி மாணவர்கள் நுண்ணோக்கியில் படிக்கட்டும். சில ஆண்டுகளில் எண்ணூர்–பழவேற்காட்டு மீன்களின் வயதுக் கணக்கு நம் கையில் இருக்கும்.

இரண்டாவது, கொடுவாவுக்கு மேலளவு. எந்த நீளத்தில் நம் கொடுவா பெண்ணாகிறது என்பதை இந்தக் கரையிலேயே அளந்து சொல்லுங்கள். குயின்ஸ்லாந்தின் 120 சென்டிமீட்டரை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

மூன்றாவது, ஜிலேபி ஏரிகளில் ஒரு நேர்மையான சோதனை. ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர் போன்ற ஏரிகளில் ஒன்றில் குட்டை ஜிலேபியைப் பெருமளவில் பிடித்து அகற்றுங்கள். இன்னொன்றில் கொடுவாக் குஞ்சு விடுங்கள். நல்ல தண்ணீரில் கொடுவா இனப்பெருக்கம் செய்யாது என்பதால் கட்டுக்கு மீறாது. மூன்றாவதை அப்படியே விட்டு ஒப்பிடுங்கள். டாக்வட்ன் முடிவு இங்கும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சார் மீன் ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடும், ஜிலேபி பலமுறை. ஒரு முறை அகற்றி நிறுத்தினால் அது மீண்டும் நிரம்பிவிடக்கூடும். அதனால்தான் சோதனை வேண்டும்.

நான்காவது, பொரிப்பக அனுபவத்தை எழுத்தாக்குவது. எந்த அளவு வித்தியாசத்தில், எந்த நெரிசலில், எத்தனை மணி நேரப் பசியில் குஞ்சு குஞ்சைத் தின்னத் தொடங்குகிறது என்பது கொளத்தூரிலும் முட்டுக்காட்டுப் பொரிப்பகத்திலும் தொட்டியருகே நிற்பவர்களுக்குத் தெரியும். அது தமிழில், வளர்ப்பவர் படித்துப் பின்பற்றக்கூடிய கையேடாக வர வேண்டும்.

கட்டுரை வாசிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மீனின் வயிற்றை அறுத்து அதே இனக் குஞ்சைக் கண்டதும் அதை விந்தைச் செய்தியாகப் பதிந்துவிட்டு நகராதீர்கள். தின்ற மீனின் நீளம், தின்னப்பட்டதன் நீளம், இரண்டின் வயது, அன்று அந்த நீரில் கிடைத்த வேறு உணவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் அது அறிவியலாகும்.

மீனவர்களிடமும் வணிகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெரிய கொடுவா ஏலத்துக்கு வரும்போது எடையோடு நீளத்தையும் குறித்து, தலையை எங்களுக்குத் தாருங்கள். அந்த மீன் எத்தனை ஆண்டு நம் முகத்துவாரத்தில் வாழ்ந்தது என்று எண்ணிச் சொல்வோம். மூத்த மீன்கள் குறைகின்றனவா என்பதற்கு அதைவிட வலுவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் எந்த அமைச்சகத்திலும் நமக்குக் கிடைக்காது.

பெரிய மீன் வாழ இடமுள்ள நீர்நிலையில்தான் சிறிய மீனும் வளரும். இந்த எண்ணத்துடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். அமர்வுகள் சிறக்க வாழ்த்துகிறேன்.